பார்த்துக்கொண்டு நின்ற பிள்ளைகள்

2024 பிப்ரவரி 18 அன்று, வயநாடு பூக்கோடு கால்நடை மருத்துவக் கல்லூரியின் விடுதிக் குளியலறையில் சித்தார்த்தன் இறந்துகிடந்தான். நெடுமங்காட்டுப் பையன். கள்ளிக்காட்டுக்காரர்களான எங்களுக்கு நெடுமங்காடு பக்கத்துத் தாலுகா. சொந்தபந்தம் உள்ள ஊர். ஊருக்கு வரக் கிளம்பி எர்ணாகுளம்வரை வந்துவிட்டவனைத் திரும்ப வரவழைத்து, பெல்ட்டாலும் வயராலும் சக மாணவர்கள் அடித்தார்கள் என்பது வழக்கு. அது சி.பி.ஐ. கைக்குப் போனது. அடித்தவர்கள் யார் யார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். என்னை இன்றுவரை விடாமல் அரிப்பது வேறொன்று. அந்த விடுதியில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தங்கியிருந்தார்கள். பலர் பார்க்கவே அடி விழுந்தது என்று விசாரணையில் வந்தது. அடி விழுந்தபோது ஒருவர்கூட அவன் வீட்டுக்கு ஒரு போன் போட்டதாகத் தெரியவில்லை.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். நேரடியாக அடிக்காதவர்கள் என்று 33 மாணவர்களின் இடைநீக்கத்தைத் துணைவேந்தர் ரத்து செய்தார். ஆளுநர் தலையிட்டார். அந்த மார்ச் மாதக் கடைசியில் துணைவேந்தர் பதவி விலகினார். பார்த்துக்கொண்டு நின்றவனை என்ன செய்வது என்று பெரியவர்களாலேயே ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

இருபது வயதில் ஒருவன் திடீரென்று வாய் மூடப் பழகுவதில்லை. ஐந்தாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ அதைப் பழகிவிட்டுத்தான் கல்லூரிக்குப் போகிறான்.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் அதைப் பார்க்கலாம். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்தின் பக்கம் போக, நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. பாறசாலை தொடங்கி இந்த எல்லை நெடுக, வீட்டில் தமிழும் வகுப்பில் மலையாளமுமாக வளர்கிற பிள்ளைகள் இன்றும் உண்டு. அப்படி ஒரு பிள்ளை வாய் தவறி வீட்டுப் பேச்சைப் பேசிவிட்டால் "பாண்டி" என்று ஒருவன் கேலியாகக் கூப்பிடுவான். கூப்பிட்ட கையோடு அவன் அந்தப் பிள்ளையைப் பார்க்க மாட்டான். திரும்பி மற்றவர்கள் முகத்தைப் பார்ப்பான். சிரித்தார்களா? சிரித்தால் நாளைக்கும் உண்டு. சிரிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பிள்ளைமேல் ஒரு கோபமும் கிடையாது. அடுத்த முறை தன் பக்கம் திரும்பிவிடக் கூடாதே என்ற பயத்தில் வருகிற சிரிப்பு அது.

2025 பிப்ரவரியில் தாமரசேரியில், ஒரு டியூஷன் சென்டரின் பிரிவுபசார விழாவில் ஆட்டத்தின் நடுவே பாட்டு நின்றுபோனது. பிள்ளைகள் கூவினார்கள். அதிலிருந்து கிளம்பிய சண்டையில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மார்ச் 1 அன்று இறந்துபோனான். அன்று கூவியவர்களில் எத்தனை பேருக்கு உண்மையான பகை இருந்திருக்கும்?

கனடாவில் ஹாக்கின்ஸ், பெப்ளர், கிரெய்க் என்ற மூன்று ஆய்வாளர்கள் பள்ளி மைதானங்களில் கேமரா வைத்துப் பார்த்து, 2001-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நூற்றில் 88 சம்பவங்களில் மற்றப் பிள்ளைகள் அங்கேயே நின்றிருந்தார்கள். 19-இல்தான் யாராவது தலையிட்டார்கள். இதோடு நிறுத்திவிட்டு 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நெஞ்சில் ஈரமில்லை' என்று பேசுகிறவர்கள் உண்டு. அதே ஆய்வின் அடுத்த வரி எனக்கு முக்கியம்: தலையிட்டபோது, பாதிக்கு மேற்பட்ட தடவை பத்தே விநாடிக்குள் வம்பு நின்றுவிட்டது. ஆக, தலையிடுவதற்குப் பெரிய வீரம் வேண்டியதில்லை.

காட்டாக்கடைக்குப் போகிற பஸ்ஸில் ஒரு சாயங்காலம் இதை நேரில் பார்த்தேன். பெரிய பையன்கள் ஒரு சின்னவனின் பையைப் பிடுங்கிப் பின்சீட்டுக்கும் முன்சீட்டுக்குமாக எறிந்து விளையாடினார்கள். சோற்றுப் பாத்திரம் திறந்து மிச்சக் குழம்பு நோட்டுப் புத்தகங்களில் வழிந்தது. பஸ்ஸே வேடிக்கை பார்த்தது. பை கீழே விழுந்ததும், ஏழாம் வகுப்பு படிக்கிறவள் போலிருந்த ஒரு பெண்பிள்ளை குனிந்து எடுத்தாள். தன் கைக்குட்டையால் நோட்டைத் துடைத்தாள். "இஞ்ச வந்து இரி" என்று அவனைத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டாள். அந்தப் பையன்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆட்டம் அதோடு முடிந்தது. நியாயம் கேட்கப் போயிருந்தால் அவளுக்கும் விழுந்திருக்கலாம். அவள் அந்தச் சின்னவன் பக்கம் நின்றாள், அவ்வளவுதான். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடியது, அவர்களால் முடியக் கூடியது, இதுதான் என்று நினைக்கிறேன். ஃபின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகம் உருவாக்கிய கிவா திட்டமும் அடிக்கிறவனையும் அடிபடுகிறவனையும் மட்டும் பார்க்காமல், சுற்றி நிற்கிற பிள்ளைகளைப் பழக்குவதில்தான் கவனம் வைக்கிறது.

ஆனால் பெரியவரிடம் போய்ச் சொல் என்று மட்டும் ஒரு பிள்ளையிடம் லேசாகச் சொல்லிவிட எனக்கு மனம் வருவதில்லை. நாங்குநேரி நினைவுக்கு வருகிறது. 2023 ஆகஸ்டில், சாதியைச் சொல்லிச் சீண்டிய சக மாணவர்களைப் பற்றிப் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவன் ஒருவன் பள்ளியில் புகார் கொடுத்தான். அன்றிரவே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. புகார் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அந்த வட்டாரத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே ராத்திரியில் தெரிந்துகொண்டார்கள். மறுநாள் அந்த வகுப்பில் போய், 'தப்பைக் கண்டால் தைரியமாகச் சொல்லுங்கள்' என்று எந்த வாத்தியாரால் சொல்ல முடியும்? அதன்பின் அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500-க்கு மேல் மாணவர் படிக்கும் பள்ளிகளில் பள்ளி நல அலுவலர் ஒருவரை வைக்கச் சொன்னது அதன் பரிந்துரைகளில் ஒன்று. போய்ச் சொல்வதற்கென்று ஓர் ஆள். இது எந்தப் பள்ளிக்கும் எட்டாத காரியம் அல்ல. சொன்ன பிள்ளையின் பெயர் அந்த ஆளைத் தாண்டி வெளியே போகக் கூடாது என்பதுதான் அதில் முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் வீடு இருக்கிறது. பள்ளிவிட்டு வந்த பிள்ளை, "அம்மா, இண்ணைக்கு அவனப் போட்டு அடிச்சாவ" என்று சொல்கிறது. நாம் என்ன சொல்கிறோம்? "நமக்கெதுக்கு மக்களே வம்பு, நீ கண்டும் காணாம வா." பாசத்தில் சொல்வதுதான். பூக்கோட்டு விடுதியில் பேசாமல் இருந்தவர்களின் வீடுகளிலும் யாராவது இப்படிப் பாசமாகச் சொல்லியிருப்பார்கள்.

அடுத்த தடவை உங்கள் பிள்ளை அப்படி ஒரு சேதியோடு வந்தால், முழுதும் கேளுங்கள். அடிபட்ட பிள்ளையோடு நாளைக்குச் சேர்ந்து நடந்து போகச் சொல்லுங்கள். தலைமையாசிரியரிடம் பிள்ளையை அனுப்பாதீர்கள். நீங்களே போய்ச் சொல்லுங்கள்; உங்கள் பிள்ளையின் பெயர் எழுத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே காது கொடுக்கவில்லையென்றால், குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது. கட்டணம் கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள்.