இருதயமாற்றுச் சிகிச்சையும் சமநோக்கும்

1967ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 3ஆந் திகதி, தென்னாபிரிக்காவிலே கேப் டவுன் நகரத்துக் குரூட் ஸ்கூர் வைத்தியசாலையில், கிறிஸ்தியான் பர்னார்ட் என்னும் சத்திரவைத்தியர் ஒரு மனிதரது இருதயத்தை மற்றொருவருக்கு முதன்முதலாக மாற்றிவைத்தனர். அவ்விருதயம் மோட்டார் வண்டி மோதி மூளை சிதைந்த டெனிஸ் டார்வல் என்னும் 25 வயதுப் பெண்ணினது. தந்தையார் உடன்பட்டுக் கொடுத்தனர். ஏற்றவர் லூயி வாஷ்கான்ஸ்கி என்னும் ஆடவர். அவர் 18 நாள் உயிர்வாழ்ந்தனர். பெண் கொடுக்க ஆண் கொள்ளவே இச்சிகிச்சை தொடங்கிற்று.

இற்றைநாளிலும் மாற்றிருதயம் பெறுவோருட் பெண்கள் ஏறக்குறைய நாலிலொரு பங்கினரே. உயிரோடிருந்து சிறுநீரகங் கொடுப்போருள்ளோ பல தேசங்களிலும் பெண்களே மிகுதி. இஃது அநீதியோவெனின், விரைந்து விடை கூறலாகாது. இருதயநாடி அடைப்பு ஆடவருக்கு இளவயதிலேயே மிகுதியாய் வருதலின், மாற்றிருதயம் வேண்டுவோருள்ளும் அவரே மிகுவர். தொகை ஒவ்வாமை மாத்திரம் அநீதிக்குச் சான்றாகாது.

உயரமும் நிறையும் ஒத்த இருவருள்ளும் பெண்ணின் இருதயம் பெரும்பாலுஞ் சிறிது. வைத்தியர் நெடுங்காலம் உடல்நிறையையே ஒப்புநோக்கிப் பொருத்திவந்தனர். அதனாற் சிறிய இருதயம் பெரிய உடலைத் தாங்கும்படி நேர்ந்தது. பெண்ணிருதயம் ஆணுக்கு ஆகாதென்னும் பேச்சும் எழுந்தது. பின்னர் வயது, உயரம், நிறை, பால் என்னும் நான்கையுங் கொண்டு இருதயத்தின் நிறையையே கணித்துப் பார்த்தவிடத்து, அக்குறையிற் பெரும்பகுதி பருமனொவ்வாமையால் வந்ததென்று தெளிந்தனர். எல்லாரையும் ஒரே கோலால் நிறுத்தமை சமநோக்குப்போலத் தோன்றிற்று, கோலோ பிழையுடையது.

மற்றொன்று தாய்மைபற்றியது. கருவுற்ற காலத்திலே, சிசு தந்தைவழிப் பெற்ற அணுக்கூறுகளுக்கு மாறாகத் தாயின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் தோன்றுதலுண்டு. அவை நெடுங்காலம் நிற்பின் பொருந்தும் இருதயங் கிடைத்தல் அரிதாம். மக்களை ஈன்றமையே ஒருத்தி நெடிது காத்திருத்தற்குக் காரணமாயின், அஃது ஒருவர் குற்றமுமன்று. ஆயினும், காத்திருப்போர் வரிசையை வகுப்போர் அதனைக் கருதாதொழியின் குற்றமேயாம்.

இவற்றினும் யாம் பெரிதும் அஞ்சுவது, அவ்வரிசையிற் பெயர் எழுதப்படாமலே இறக்கும் பெண்களைக்குறித்தே. மூச்சிளைப்பை வீட்டுவேலையால் வந்த களைப்பென்பர் வீட்டார், மனக்கவலையென்பர் சில வைத்தியர், ஒன்றுமில்லையென்பாள் அவளே. நோய் முற்றியபின்னரே பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பப்படுவோர் பலர். வகுப்பிலே இருதயத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், மார்புநோவோடு மூச்சிளைப்பையும் காரணந்தோன்றாத அயர்ச்சியையும் இருதயநோய்க் குறிகளாகச் சேர்த்துரைப்பாராயின், அன்று மாலையே சில பிள்ளைகளாயினும் தம் தாயாரை உற்றுநோக்குவர்.