சொல்லிவிட்டால் போதுமா?

அண்மையில் ஒரு நாள் காலை, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குப் போயிருந்தேன். அதை நடத்துகிறவர் எனக்கு நெடுநாளைய நண்பர். அன்று புதிதாக வேலைக்குச் சேர்ந்த 16 பேரை மாடிப்படியின் அடியில் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். பாதிப் பேர் ஒடிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். மற்றவர்கள் தேனிப் பக்கம், திண்டுக்கல் பக்கம். கைமடிக்குச் சிலர், செக்கிங்குக்குச் சிலர், ஓவர்லாக் தைக்கப் பழகச் சிலர்.

ஓர் இளைஞர் கையில் தாளை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு வாசிப்பதுபோல வாசித்தார். ஓடும் இயந்திரத்தில் கை வைக்கக் கூடாது. தலைமுடியை முடிந்து கட்டிக்கொள்ள வேண்டும். துப்பட்டாவைத் தொங்கவிடக் கூடாது. தீப்பிடித்தால் இந்தப் படி வழியாக இறங்க வேண்டும். ஏழு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. பிறகு ஒவ்வொருவராக எழுந்து வந்து தாளின் அடியில் கையெழுத்துப் போட்டார்கள். வாசித்தது தமிழில். விழுந்த கையெழுத்துகளில் பாதி இந்தியிலும் ஒடியாவிலும்.

"எல்லாத்தையும் சொல்லித்தானுங்க உள்ளே விடறோம். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, எங்களுக்குச் சொல்லலையேன்னு யாரும் கேக்க முடியாது பாருங்க" என்றார் நண்பர்.

அவர் நல்ல மனிதர். பிறர் துன்பம் கண்டு கண் கலங்கக்கூடியவர். அதனாலேயே அவர் சொன்ன வார்த்தை என் மனத்தில் முள்ளாகத் தைத்தது. அந்தப் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்பதற்காகச் சொன்னதாக அவர் சொல்லவில்லை. ஏதாவது ஆனால் தம்மை யாரும் கேட்கக் கூடாது என்பதற்காகச் சொன்னதாகத்தான் சொன்னார். தாம் சொன்னதன் பொருள் இதுவென்று அவருக்கே தெரிந்திராது.

ஆபத்தை அறிந்த ஒருவன், அறியாத ஒருவனுக்கு அதைச் சொல்லிவிடுகிறான். சொன்ன அந்தக் கணத்தோடு அவன் கடமை தீர்ந்துவிடுகிறதா? திருப்பூரிலிருந்து திரும்பிய பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கொங்கு நாடு ஆழக் கிணறுகளின் நாடு. நெடுநாள் மூடிக் கிடந்த பாழுங்கிணற்றில் தூர் வார இறங்குமுன், பழைய காலத்தில் ஒரு விளக்கை ஏற்றிக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள். விளக்கு அணைந்தால் ஆள் இறங்கமாட்டான். புதிதாகத் தொழிலுக்கு வந்த பையனுக்கு இதை யாரும் தாளில் எழுதி வாசிக்கவில்லை. விளக்கு அணைவதை அவனே எட்டிப் பார்த்தான். அதற்குமேல் அவனிடம் எதைச் சொல்ல வேண்டும்? இன்னொன்றும் உண்டு. அவனுக்குச் சொல்லிக் கொடுத்த பெரியவரும் அதே கிணற்றில் இறங்குகிறவர். இன்று பையன் இறங்கும்போது கயிற்றைப் பிடிப்பவர் அவர்; நாளை அவர் இறங்கும்போது பிடிக்கப் போகிறவன் பையன். சொன்னவர் உயிரும் கேட்டவன் உயிரும் ஒரே கயிற்றில் தொங்கின. அப்படிப்பட்ட இடத்தில், 'நான் சொல்லிவிட்டேன்' என்று கையைக் கழுவிக்கொள்ள யாருக்குத் தோன்றும்?

இன்று கிணறுகளின் இடத்தில் தொட்டிகள் வந்திருக்கின்றன. 2025-ஆம் ஆண்டு மே மாதம், பல்லடம் அருகே கரைப்புதூரில், ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யப் போனவர்களில் மூன்று பேர் நச்சுவாயு தாக்கி மாண்டார்கள். இத்தகைய செய்தியைப் படிக்கும்போது, 'நாற்றம் அடித்திருக்குமே, ஏன் இறங்கினார்கள்?' என்று நாம் கேட்கிறோம். மூக்கையும் நம்பக் கூடாத இடம் அது. கழிவு அழுகும் இடத்தில் பிறக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் அழுகிய முட்டைபோல நாறும். அளவு மிகுந்துவிட்டால் முகரும் சக்தியையே மரக்கச் செய்துவிடும். நாற்றம் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று மனிதன் நினைக்கிற நேரந்தான் அவனுடைய முடிவு நேரம். பழைய விளக்கும் இங்கே உதவாது. எரியக்கூடிய வாயு இருந்தால் விளக்கே எமனாகிவிடும்.

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. இத்தகைய தொட்டிகளில் மாண்டவர்களின் கணக்கை எந்த நாட்டில் எடுத்தாலும், முதலில் மயங்கி விழுந்தவனைத் தூக்கப் பின்னால் குதித்தவர்கள் அதில் பலர் இருப்பார்கள். கூட வேலை செய்கிறவன் விழுவதைக் கண்டால் எவன் சும்மா நிற்பான்? மனித குலத்தின் மிக உயர்ந்த குணம் அங்கே ஆளைக் கொல்கிறது. கருணையைக் கூட ஒரு கணம் நிறுத்தி வைக்கக் கற்றுத் தர வேண்டிய இடம் அது. ஏழு நிமிஷ வாசிப்பு அதைக் கற்றுத் தந்துவிடுமா?

சரி, சொல்வதென்றால் யாருக்குச் சொல்வது? 1911-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் தேதி நியூயார்க் நகரில் டிரையாங்கிள் என்ற சட்டைக் கம்பெனியில் தீப்பிடித்தது. எட்டு, ஒன்பது, பத்து என்ற மூன்று மாடிகளில் அந்தக் கம்பெனி இருந்தது. தீ மூண்டது எட்டாவது மாடியில். அங்கிருந்து பத்தாவது மாடிக்குத் தொலைபேசியில் செய்தி போயிற்று. அலுவலகம் அங்கேதான் இருந்தது. முதலாளிகளும் அன்று அங்கேதான் இருந்தார்கள். அவர்கள் மொட்டை மாடிக்கு ஏறித் தப்பினார்கள். நடுவிலிருந்த ஒன்பதாவது மாடிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அங்கே தையல் இயந்திரங்களின் முன் வரிசை வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வெளியேறும் கதவுகளில் ஒன்று பூட்டியிருந்தது. அன்று மாண்ட 146 பேரில் பெரும்பாலோர் அந்த மாடிக்காரர்கள். பிழைப்புக்காகக் கடல் கடந்து வந்த இளம் பெண்களே அவர்களில் மிகுதி. செய்தி எப்போதும் படி ஏறி மேலே போகத் தெரிந்துவைத்திருக்கிறது. பக்கத்து மாடிக்கு இறங்கி வரத்தான் அதற்கு வழி தெரிவதில்லை.

படிக்காதவர்களுக்கும் பாஷை தெரியாதவர்களுக்குந்தானே இந்தத் தொல்லை, என்று நினைக்க வேண்டாம். 2008 டிசம்பர் 29-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இரசாயனக் கூடத்தில் 23 வயதுப் பெண் ஒருத்தி வேலை செய்துகொண்டிருந்தாள். பட்டம் பெற்றவள், வேலையில் சேர்ந்து மூன்று மாதங்கூட ஆகவில்லை. காற்றுப் பட்டாலே பற்றிக்கொள்ளும் திரவம் ஒன்றை ஊசிக் குழாயில் இழுக்கும்போது குழாய் கழன்று தீப்பிடித்தது. அவள் மேலே அணிந்திருந்தது ஆய்வுக்கூட அங்கி அன்று. செயற்கை இழையாலான சாதாரண ஸ்வெட்டர். 18 நாள் கழித்து இறந்து போனாள். அவளுக்கு முறையாகப் பயிற்சி தந்ததற்கான பதிவே இல்லை என்று அந்த மாநிலத்துத் தொழில் பாதுகாப்புத் துறை கண்டது. படித்தவளாயிற்றே, தெரிந்திருக்கும் என்று எண்ணியிருப்பார்களோ என்னவோ! புதியவர் என்ற சொல்லுக்குப் படிப்பைப் பற்றிய அர்த்தம் எதுவும் கிடையாது. அந்த இடத்தின் ஆபத்தை இன்னும் அறியாதவர் என்பதுதான் அதன் அர்த்தம்.

நன்றாகச் சொல்லியாகிவிட்டது, கேட்டவரும் புரிந்துகொண்டார் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதாவது கடன் தீர்ந்ததா?

2013 ஏப்ரல் 23-ஆம் தேதி, டாக்கா அருகே சாவார் என்ற ஊரில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் வெடிப்புகள் தென்பட்டன. தொழிலாளர்கள் அவற்றைத் தங்கள் கண்ணாலேயே கண்டார்கள். யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை. மறுநாள் கீழ்த் தளங்களிலிருந்த வங்கியும் கடைகளும் திறக்கவில்லை. மேலேயிருந்த ஆயத்த ஆடைக் கம்பெனிகள் திறந்தன. வராவிட்டால் கூலி போய்விடும் என்ற பயத்தில், தயங்கித் தயங்கிப் படியேறிப் போனார்கள். அன்று காலை கட்டடம் சரிந்து 1,100 பேருக்கு மேல் மாண்டார்கள். வங்கிக் குமாஸ்தாவுக்கும் தையற்காரிக்கும் அன்று தெரிந்திருந்த விஷயம் ஒன்றேதான். ஒருவருக்கு வீட்டில் இருக்க முடிந்தது, மற்றவருக்கு முடியவில்லை. அறிவில் இருவரும் சமம். 'வரமாட்டேன்' என்று சொல்லும் பலந்தான் இருவரையும் பிரித்தது.

இங்கேதான் எனக்கு ஒரு தெளிவு பிறந்தது. ஆபத்தை அறிவித்துவிட்டு, அதிலிருந்து விலகி நிற்க அனுமதி கொடுக்காமல் இருந்தால், அந்த அறிவிப்பு உதவி ஆகாது. அது பழியை இடம் மாற்றும் வேலை. நேற்று வரை முதலாளியின் தலையில் இருந்த பழி, கையெழுத்து விழுந்தவுடன் தொழிலாளியின் தலைக்குப் போய்விடுகிறது. ஆபத்து மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

'தொழிலாளிக்குப் பொறுப்பே இல்லையா?' என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஊசிக்கு முன்னால் இருக்கும் விரல் காப்பைத் தாங்களே கழற்றி வைத்துவிட்டுத் தைக்கிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அலட்சியம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் பீஸ் கணக்கில் கூலி. காப்பு இருந்தால் கை மட்டுப்படுகிறது. மட்டுப்பட்டால் சனிக்கிழமை சம்பளம் குறைகிறது. ஒரு வாய் காப்பைப் போடு என்கிறது. இன்னொரு வாய் சீக்கிரம் முடி என்கிறது. இரண்டாவது வாய்க்குத்தான் பணம் கொடுக்கும் அதிகாரம் இருக்கிறது. மனிதன் எதைக் கேட்பான்?

சட்டம் இதையெல்லாம் அறியாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஓடும் இயந்திரத்துக்குத் தடுப்பு வைக்கச் சொன்னது. உள்ளே ஆள் இருக்கும்போது வெளியேறும் வழியைப் பூட்டாதே என்றது. போபாலில் 1984 டிசம்பரில் நச்சுப்புகை ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன பிறகு, 1987-இல் அதைத் திருத்தி, பாதுகாப்பைப் பற்றிக் கேட்டு அறிவது தொழிலாளியின் உரிமை என்று எழுதினார்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் 2020-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டமும் அந்த உரிமையைக் கொடுக்கிறது. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக அஞ்சினால் முதலாளிக்கும் ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம் என்கிறது. சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1981-இல் செய்த 155-ஆம் உடன்படிக்கை இன்னும் ஓரடி முன்னால் போயிற்று. அப்படி அஞ்சி விலகி நின்றவனை அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்றது. தெரிவிக்கலாம் என்பதற்கும் விலகலாம் என்பதற்கும் நடுவில் ஓர் ஆள் விழுகிற பள்ளம் இருக்கிறது. வள்ளுவர்கூட அச்சத்தை எல்லா இடத்திலும் பழிக்கவில்லை. அறிவுடைமை அதிகாரத்திலேயே அதற்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்.

திருப்பூருக்குத் திரும்பி வருகிறேன். அன்று நண்பர் பெருமையோடு ஒரு பதிவேட்டைக் காட்டினார். முறிந்த ஊசிகளின் பதிவேடு. தைக்கும்போது ஊசி முறிந்தால், அதன் துண்டுகள் அத்தனையும் கிடைக்கிறவரை தேடுகிறார்கள். கிடைத்தவற்றைப் பக்கத்தில் ஒட்டி, தேதி, நேரம், இயந்திர எண் எல்லாம் குறிக்கிறார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அக்கம்பக்கத்துத் துணிகளை ஒதுக்கிவைத்து, உலோகத்தைக் காட்டிக் கொடுக்கும் இயந்திரத்தில் விட்டுப் பார்க்கிறார்கள். எங்கோ ஐரோப்பாவில் ஒரு குழந்தையின் உடம்பில் அது குத்திவிடக் கூடாதே என்பதற்காக!

"முறிந்தபோது அது யார் விரலில் பாய்ந்து முறிந்தது என்று எங்கே எழுதுகிறீர்கள்?" என்று கேட்டேன்.

"அதுக்குத் தனி நோட்டு இருக்குதுங்க" என்று எடுத்து வந்தார். புத்தம் புதிய நோட்டு. பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அவரும் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

கண்ணால் காணாத, பேர் தெரியாத, நம் பாஷை அறியாத ஒரு குழந்தையிடம் இவ்வளவு அக்கறை காட்ட நம்மால் முடிகிறது. ஆகவே நம்மிடம் அக்கறை இல்லை என்று சொல்ல முடியாது. அந்தக் குழந்தைக்காக 'இந்தச் சரக்கு எனக்கு வேண்டாம்' என்று சொல்ல ஒரு வியாபாரி இருக்கிறான். மாடிப்படியின் அடியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்காக அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

ஒருவர் இருந்தார். தையல் பகுதியில், பல வருஷம் பவர்டேபிளில் உட்கார்ந்த ஓர் அம்மாள், புதிதாக வந்த ஒடிஸாப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருந்தார். தைக்கச் சொல்லித் தரவில்லை. நிறுத்தச் சொல்லித் தந்தார். காலை எடு, சுவிட்சை அணை. மறுபடியும் காலை எடு, சுவிட்சை அணை. பத்துத் தடவைக்கு மேல் இருக்கும். பிறகு தம் ஆள்காட்டி விரலின் பிளந்த நகத்தைக் காட்டினார். "நிறுத்தப் பழகிக்கோ கண்ணு. ஓட்டறது தானா வரும்" என்றார். பேச்சு அந்தப் பெண்ணுக்குப் புரிந்திராது, விரல் புரிந்தது.

"இவ்வளவு பொறுமையாகச் சொல்லித் தருகிறீர்களே அம்மா" என்றேன்.

"அவ விரல்ல ஊசி ஏறுனா, பக்கத்துல இருக்கற நான்தானுங்களே தூக்கிட்டு ஓடோணும்?" என்றார்.

கிணற்றுக் கயிற்றின் மறு நுனியை அங்கே கண்டேன்.

விடைபெறும்போது நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். அந்தத் தாளில் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும். அவரவர் பாஷையில் சேர்க்க வேண்டும். 'சந்தேகம் வந்தால் நிறுத்து. நிறுத்தியதற்காகக் கூலி பிடிக்கமாட்டேன்.' அதன் கீழே முதல் கையெழுத்தை அவர் போட வேண்டும்.

அவர் சிரித்தார். "யோசிக்கறேனுங்க" என்றார்.

மேஜைமேல் அந்தத் தாள் கிடந்தது. அதில் 16 கையெழுத்துகள் இருந்தன. அவருடையது இல்லை.