ஓடாத காருக்கு ஸகாத் உண்டா?



2022 மே மாதம் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் ஒரு கார் 13.5 கோடி யூரோவுக்கு ஏலம் போனது. நம் பணத்தில் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். 1955-ல் செய்த மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். உலென்ஹாட் கூபே என்ற கார் அது. உலகத்தில் இரண்டே இரண்டுதான் இருக்கிறது. அழைப்பு கிடைத்த பெரிய சேகரிப்பாளர்கள் மட்டுமே ஏலம் கேட்க முடிந்தது.

இது போன்ற செய்தியைப் படித்தவுடன் நம் இளைஞர்கள் கேட்பது, "இது ஹராமா ஹஜ்ரத்?" என்றுதான். அவசரப்பட வேண்டாம். பதுக்கலைத் தடுக்கும் சட்டத்தைப் பெரும்பாலான அறிஞர்கள் உணவு, அத்தியாவசியப் பொருள் ஆகியவற்றோடு நிறுத்துகிறார்கள். பழைய கார் ஒன்றைப் பூட்டி வைத்ததால் யாருடைய அடுப்பும் அணைந்துவிடவில்லை. வீண் விரயமா என்பது தனியாகப் பேச வேண்டிய விஷயம். இன்று நான் கேட்பது வேறு: அந்தக் கார் எதற்காக வாங்கப்பட்டது?

நம் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். ஒரே தறியில் நெய்த இரண்டு பட்டுப்புடவைகள், ஒரே விலை. ஒன்று உங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. உம்மா கட்டியது, மகளுக்குப் போகப் போவது. ஜரிகை மடிப்பில் விட்டுவிடக் கூடாதென்று அவ்வப்போது எடுத்து மடிப்பை மாற்றி வைக்கிறீர்கள். அதற்கு ஸகாத் இல்லை. இன்னொன்று காந்தி ரோட்டுக் கடையில் அலமாரியில் இருக்கிறது. வருடம் முடிந்தால் கடைக்காரர் அன்றைய விலைக்குக் கணக்குப் போட்டு நாற்பதில் ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும். பட்டும் ஜரிகையும் ஒன்றேதான். வாங்கியபோது இருந்த நிய்யத்துதான் வேறு.

காருக்கும் இதே சட்டம். ரசித்து வைத்துக்கொள்ள வாங்கியவருக்கு, அது ஓடாவிட்டாலும் ஸகாத் இல்லை. கோவை அவிநாசி ரோட்டில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் பழைய கார்களை மியூசியமாக வைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்களே, அப்படியும் ஒரு நிய்யத் இருக்க முடியும். ஆனால் பத்து வருடம் கழித்து விலை ஏறியதும் விற்கலாம் என்று வாங்கினால் அது வியாபாரச் சரக்கு. ஸ்டுட்கார்ட் காரை ஒருவர் அப்படி வாங்கியிருந்தால் ஏலத்தொகைக்கே ஒரு வருட ஸகாத் 33 லட்சத்து 75 ஆயிரம் யூரோ. (விலை ஏறக் காத்திருப்பவர் விற்கும்போது ஒரு வருடத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்பது மாலிக்கி மத்ஹப். நாம் ஹனஃபி, ஷாஃபிஈ, வருடா வருடம்தான்.)

இங்கேதான் நாக்கு இரண்டாகிறது. "சொந்த வண்டிக்கு ஸகாத் இல்லையே" என்று ஆலிமிடம் சொல்வார். அதே மனிதர் ஆடிட்டரிடம் "இது இன்வெஸ்ட்மெண்ட்" என்பார். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, 50 வருடத்துக்கு மேலான வாகனத்தை விண்டேஜ் என்று பதிவு செய்தால் அன்றாடம் ஓட்டவே கூடாது. கண்காட்சி, ராலி போன்றவற்றுக்குத்தான் வெளியே எடுக்கலாம். ஏறிப் போகாத வண்டியைச் சவாரி வண்டி என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பது யாரிடம்?

நம்மில் யாரிடமும் அந்தக் கார் இல்லை. ஆனால் ஒரகடத்தில் கார் கம்பெனிகள் வந்த பிறகு வாலாஜாபாத் ரோட்டில் மனை வாங்கிப் போட்டவர்கள் இந்த ஸஃப்பிலேயே இருக்கிறீர்கள். ஸகாத் கணக்கு எழுதும்போது "மகனுக்கு வீடு கட்ட" என்கிறீர்கள். உண்மையிலேயே அதற்காக வாங்கியிருந்தால், பிறகு விற்கும் எண்ணம் வந்தாலும் அந்த எண்ணத்தால் மட்டும் ஸகாத் கடமையாகாது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. ஆகவே இன்றைய எண்ணத்தை விட்டுவிடுங்கள். அட்வான்ஸ் கொடுத்த அன்று, டீக்கடையில் உட்கார்ந்து புரோக்கரிடம் முதலில் என்ன கேட்டீர்கள்? தண்ணீர் எத்தனை அடியில் வரும் என்றா, மூன்று வருடத்தில் எவ்வளவுக்குப் போகும் என்றா?