அறிந்ததை ஒளித்தல்

ஆகார தானம், ஔஷத தானம், சாஸ்திர தானம், அபய தானம் என்று விரல் மடக்கி எண்ணக் கற்றுக் கொடுத்தவர்கள் நம் பாட்டிமார்கள். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் இந்நான்கையும் தனித்தனியாகவே எண்ணிப் பழகிவிட்டோம். ஆகவே, மருந்தும் கல்வியும் ஒன்றாகக் கலந்துவிடுகிற இடம் ஒன்று உண்டு என்பது நமக்கு எளிதில் தோன்றுவதில்லை. நோயைப் பற்றியும் அதற்குச் செய்யத் தக்கதைப் பற்றியும் ஒருவர் பெற்றிருக்கும் அறிவே அவ்விடம். அதைக் கொடுத்தால் ஒரு குன்றிமணியும் குறையாது என்று எல்லோரும் சொல்கிறோம். அப்படியிருந்தும் அதைக் கொடுக்க மனிதர் தயங்குவது ஏன்? இவ்வினா, சென்ற ஆண்டு நாம் காடாம்புலியூர் சென்றிருந்தபோது நம்மை வந்து பற்றிக்கொண்டது.

பண்ருட்டியிலிருந்து வடலூர் செல்லும் சாலையில், நெய்வேலிக்கு முன்னதாக உள்ள ஊர் அது. சுற்றிலும் முந்திரித் தோப்புகள். பருவத்தில் பலா மணம். உறவினர் இல்லத்துச் சடங்கு முடிந்து, பகலுணவுக்குப் பின் திண்ணையில் அமர்ந்திருந்தோம். அங்கு வந்த அம்மையார் ஒருவர், வேறொரு மாவட்டத்தில் விடுதியோடு கூடிய பள்ளியொன்றில் நெடுங்காலம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு எதை எதையோ சுற்றிவிட்டு வலிப்பு நோயில் வந்து நின்றது. அம்மையார் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, தம் பணியின் முதலாண்டில் நடந்த ஒன்றைச் சொன்னார்.

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு சிறுவன் வலிப்பு வந்து விழுந்தான். ஆசிரியர்கள் கூடி நின்று இரும்புச் சாவியைக் கையில் திணித்தனர். நாக்கைக் கடித்துக்கொள்வான் என்ற அச்சத்தில் ஒருவர் கரண்டிக் காம்பைப் பற்களுக்கிடையே செருகினார். செவிலியராகிய அவர் அதைத் தடுக்கவில்லை. தாமும் சேர்ந்து பிடித்தார். சிறுவனின் முன்பல் உடைந்தது. உடைந்த துண்டு தொண்டைக்குள் இறங்காமல் போனது அவனுடைய நல்வினை. விழுந்ததில் பல் உடைந்ததென்று பெற்றோரிடம் சொல்லப்பட்டது. வலிப்பு வந்தவரின் வாயில் எதையும் வைக்கலாகாது என்பதைச் சில மாதங்களுக்குப் பின் ஒரு பயிற்சி வகுப்பில் அம்மையார் அறிந்துகொண்டார். அறிந்தும் எவரிடமும் சொல்லவில்லை. சொன்னால், அன்று என்ன நடந்தது என்ற கேள்வி வரும். பல ஆண்டுகள் கழித்து, அடுத்த ஊர்ப் பள்ளியொன்றில் புதிதாகச் சேர்ந்த ஓர் இளம் செவிலியரும் அதே கரண்டிக் காம்பைக் கையாண்டதாகக் கேள்விப்பட்டார். "அந்தப் பெண்ணுக்கு நான் ஒரு கடிதம் எழுதியிருந்தால் போதும் ஐயா" என்றார். அவர் குரலில் இருந்தது வருத்தம் மட்டும் அன்று.

மருத்துவமனையில் பணியாற்றும் செவிலியருக்குப் பக்கத்திலேயே மூத்தவர்கள் இருப்பர். ஐயம் தோன்றினால் அடுத்த கட்டிலருகே நிற்பவரைக் கேட்கலாம். பள்ளிச் செவிலியருக்கு அது இல்லை. நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு நடுவில் அவர் ஒருவரே. ஆசிரியர்களுக்கு அவர் ஆசிரியரல்லர். மருத்துவர்களுக்கோ அவர் எங்கோ தொலைவில் இருப்பவர். நம் மாநிலத்தில் பெரும்பாலான பள்ளிகளில் அந்த ஒருவரும் கிடையாது. கிராம சுகாதாரச் செவிலியரும், 2013ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் நடமாடும் குழுவினரும் வந்துபோவதே வழக்கம். 2020ஆம் ஆண்டு முதல், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை உடல்நலத் தூதுவர்களாகப் பயிற்றுவிக்கும் திட்டமும் வந்துள்ளது. நம் நாட்டில் பள்ளிக் குழந்தைகளுக்கு முதன்முதலாக மருத்துவச் சோதனை நடந்தது 1909இல் பரோடா நகரில் என்பர். நூறாண்டு கடந்தும் அத்துறையில் பணியாற்றுவோர் தனித்தனித் தீவுகளாக இருப்பது எண்ணத் தக்கது.

அமெரிக்க நாட்டு நியூயார்க் நகரில் 1902ஆம் ஆண்டில் நடந்ததை இங்குக் கூறலாம். கண்ணோய், படர்தாமரை, சொறிசிரங்கு, பேன் முதலியவற்றிற்காக மருத்துவர்கள் குழந்தைகளைச் சோதித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவர். வீட்டில் மருத்துவம் செய்வார் இல்லை. அனுப்பப்பட்ட குழந்தைகள் தெருவில் விளையாடிக் கொண்டிருப்பர். லில்லியன் வால்டு என்னும் அம்மையார், தம் சேவை இல்லத்தைச் சேர்ந்த லீனா ராஜர்ஸ் என்ற செவிலியரை ஒரு மாதச் சோதனையாக நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார். அதன் பயனைக் கண்ட நகர நிர்வாகம் மேலும் செவிலியரை நியமித்தது. 1902 செப்டம்பரில் 10,567 ஆக இருந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டோர் எண்ணிக்கை, அடுத்த ஆண்டு செப்டம்பரில் 1,101 ஆயிற்று. இதைவிட நம் கவனத்திற்குரியது வேறொன்று. ராஜர்ஸ் தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. எந்த நோய்க்கு என்ன செய்வது என்ற முறை எல்லாப் பள்ளிகளுக்கும் ஒன்றாக வகுக்கப்பட்டது. 1917இல் பள்ளிச் செவிலியர் பணியைப் பற்றியே ஒரு நூல் எழுதி வெளியிட்டார். நம் நாட்டிலும் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் 1908இல் தோன்றி, 1910 முதல் தனக்கென ஓர் இதழை நடத்தத் தொடங்கியது. ஆயினும் ஓர் இதழ் வருவதும், ஓர் ஊர்ச் செவிலியரின் கைப்பழக்கம் அடுத்த ஊர்ச் செவிலியரைச் சென்றடைவதும் ஒன்றல்ல.

காடாம்புலியூரையே எடுத்துக்கொள்வோம். முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைச் சுட்டுப் புண்ணாக்கும் இயல்புடையது. கொட்டை உடைப்பவர்கள் சாம்பலோ ஆமணக்கெண்ணெயோ பூசிக்கொள்வது அதற்காகத்தான். வீட்டில் தாய்க்கு உதவியாகக் கொட்டையைத் தொட்ட சிறுமியின் விரல்கள் கறுத்துத் தோலுரிந்திருக்கும். இதனை இவ்வூர்ப் பக்கம் பணியாற்றிய செவிலியர் பார்த்தவுடனே அறிவார். வேற்றூரிலிருந்து புதிதாக வந்தவரோ தொற்று நோயென்று கருதி அச்சிறுமியைத் தனியே உட்கார வைக்கக்கூடும். வகுப்பில் ஒரு நாள் தனியே உட்கார வைக்கப்பட்ட குழந்தையின் மனத்தில் ஏற்படும் புண் எத்தனை நாளில் ஆறும்? இரும்புச் சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டும், மதிய உணவுக்குப் பின் கொடுப்பதே நலம் என்பதும் இத்தகைய அறிவுதான். சொல்லி முடிக்க அரை நிமிடம். சொல்லாவிட்டால் ஒரு வகுப்பே மாத்திரையைச் சன்னல் வழியே எறிந்துவிடும்.

இனி, நம் ஆகமம் இதனை எங்கு வைக்கிறது என்று பார்ப்போம். அறிவை மறைக்கும் வினையாகிய ஞானாவரணீயம் உயிரை வந்து பற்றுவதற்கான காரணங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தில் உமாசுவாமிகள் எண்ணிக் காட்டுகிறார். அவற்றுள் நிஹ்நவம் என்பதும் மாத்ஸரியம் என்பதும் நம் பொருளுக்கு உரியவை. தெரிந்ததைத் தெரியாதென மறைப்பதும், கற்பித்தவரின் பெயரை மறைப்பதும் நிஹ்நவம். கொடுக்கத் தக்கவர் எதிரே இருந்தும் தமக்கு ஈடாகிவிடுவாரோ என்ற எண்ணத்தால் கொடாதிருப்பது மாத்ஸரியம். பிறர் அறிவை மறைத்தவனுடைய அறிவே மறைக்கப்படுகிறது என்னும் இக்கருத்தை வெறும் தண்டனையாகப் பார்க்க வேண்டியதில்லை. ஒளிப்பவன், கேள்வி கேட்பாரையும் இழக்கிறான், திருத்துவாரையும் இழக்கிறான். அவன் அறிவு அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றுவிடுகிறது.

கற்பித்தவர் பெயரை மறையாமையின் பயனுக்கு நம் வரலாற்றிலேயே சான்றுண்டு. காடாம்புலியூருக்குத் தொலைவில் இல்லாத பாடலியில், இன்றைய திருப்பாதிரிப்புலியூர் என்று அறிஞர் கருதும் ஊரில், சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், சர்வநந்தி முனிவர் லோகவிபாகம் என்னும் நூலை எழுதினார். பிராகிருத மொழியில் அமைந்த அந்நூல் இன்று நமக்குக் கிட்டவில்லை. பிற்காலத்தில் அதனை வடமொழியில் அமைத்த சிம்மசூரி, முன்னவரின் பெயரையும் ஊரையும் ஆண்டையும் காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் ஆட்சியாண்டையும் மறவாமல் குறித்து வைத்தார். அதனாலன்றோ பல்லவர் காலக் கணக்கிற்கே ஓர் ஊன்றுகோல் கிடைத்தது! ஏலாதி என்று தம் நூலுக்குப் பெயரிட்ட கணிமேதாவியாரும் நினைவுக்கு வருகிறார். ஏலம் முதல் சுக்கு வரை ஆறு பொருள் சேர்ந்த சூரணத்தின் பெயர் அது. ஒன்று, இரண்டு, மூன்று என ஆறு வரை அளவு கூடிச் செல்லும் என்பது ஊரறிந்த செய்தி. மருந்தின் கூறுகளைக் குழூஉக்குறியில் மறைத்து மகனுக்கு மட்டும் சொல்லிச் சென்ற வைத்தியர்களும் இதே நாட்டில் வாழ்ந்தார்கள். அவர்களோடு போன மருந்துகள் எத்தனை!

ஆயின், எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லிவிடுவதுதான் அறமா? அன்று. சத்திய விரதத்தின் அதிசாரங்களை அதே நூல் கூறுமிடத்தில் ரஹோப்யாக்யானம் என்பது வருகிறது. மறைவாக அறிந்ததை வெளிப்படுத்துவது அது. குறிப்பினால் உணர்ந்த பிறர் மனக்கருத்தை வெளியிடுவதும் அங்கே குற்றமாகவே சொல்லப்படுகிறது. பள்ளிச் செவிலியர் அறிவதெல்லாம் இவ்வகைப்பட்டதே. எந்தச் சிறுமி பூப்பெய்தினாள், எவன் படுக்கையை நனைக்கிறான், எவள் முதுகில் தழும்பு இருக்கிறது என்பன அவரை நம்பிக் காட்டப்பட்டவை. இவற்றைப் பிற செவிலியரிடம் எடுத்துச் சொல்லும்போது அறிவுப் பகிர்வு எங்கே முடிகிறது, புறங்கூறல் எங்கே தொடங்குகிறது? பெயரைச் சொல்லாவிட்டால் போதும் என்று சிலர் எண்ணுவர். நெய்வேலி நகரியத்தில் அது போதலாம். காடாம்புலியூர் போன்ற ஊரில், "ஐந்தாம் வகுப்புப் பெண், தந்தை இல்லை" என்றாலே தெரு முழுவதும் ஆளை அறிந்துகொள்ளும். நோயைச் சொல்லுங்கால் குழந்தையை விட்டுவிட வேண்டும். ஊரையும் ஆண்டையும் மாற்றியாவது விட்டுவிட வேண்டும். தழும்பைப் போல் ஒரு குழந்தையின் பாதுகாப்பையே தொடும் செய்தியாயின், அதைச் செவிலியர் கூட்டத்தில் பேசிக் கலைவது தகாது. அதனைத் தடுக்கும் பொறுப்புடையவரிடம் உடனே சேர்ப்பிக்க வேண்டும். அங்கே மௌனம் காப்பது சத்தியமும் ஆகாது, அஹிம்சையும் ஆகாது.

இன்னொன்றையும் மறத்தலாகாது. தவறான போதனையாகிய மித்யோபதேசமும் சத்திய விரதத்தின் அதிசாரமே. பாம்பு கடித்த இடத்திற்கு மேலே இறுகக் கட்ட வேண்டும் என்று நாம் பள்ளியில் படித்தோம். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். இன்று, இறுகக் கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் கேடு, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து மருத்துவமனைக்கு விரைவதே செய்யத் தக்கது என்கின்றனர். பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டியதாக நம் மாநிலம் 2024இல் அறிவித்தும் உள்ளது. முந்திரித் தோப்புகளின் நடுவே நடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைகளுக்கு இது ஏட்டுச் செய்தி அன்று. நேற்றைய உண்மையை இன்றும் உறுதியாகப் போதிக்கும் நல்லவர், தெரியாமலே தீங்கு செய்கிறார். தனியே இருப்பவருக்கு இது தெரியவும் வழியில்லை. யானையைத் தடவிய கதையைத் திரும்பச் சொல்லி அன்பர்களைச் சலிப்பூட்ட மாட்டோம்.

அம்மையாரிடம் திரும்புவோம். அவர் செய்தது மாத்ஸரியம் அன்று. எவரும் தமக்கு ஈடாகிவிடுவர் என்று அவர் அஞ்சவில்லை. வேலை போய்விடும் என்றே அஞ்சினார். கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவர் அவர். அவர் அருகில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர், "பிறர் குறையை மூடுவது உபகூஹனம் அல்லவா? பள்ளி அதை மூடியதில் என்ன தவறு?" என்று கேட்டார். நல்ல கேள்விதான். நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் உபகூஹனமும் ஒன்று. ஆனால் அதற்கு அடுத்ததாக நிற்பது ஸ்திதிகரணம், வழுக்கியவரைத் தாங்கி நிலைநிறுத்துவது. பள்ளி குறையை மூடியதோடு நின்றுவிட்டது. தாங்குவார் எவரும் வரவில்லை. மூடுவது குறையுடையவரைக் காப்பதற்காக. அடுத்த குழந்தையின் பல்லை உடைப்பதற்காக அன்று.

பிறர் குறையைப் பிறர் பரப்புவதற்கும், தன் குறையைத் தானே எடுத்து வைப்பதற்கும் வேறுபாடு உண்டு. ஆலோசனை என்ற சொல்லைத் தமிழில் இன்று யோசனை கேட்பது என்ற பொருளில் வழங்குகிறோம். நம் ஆகம வழக்கில், தன் தவற்றைக் குருவின் முன் ஒளிவின்றி எடுத்துரைப்பதே ஆலோசனை, பிராயச்சித்தங்களுள் முதலாவது. மாதம் ஒருமுறை பத்து ஊர்ச் செவிலியர் கூடி, "நான் இப்படிச் செய்தேன், தவறாயிற்று" என்று சொல்லிக்கொள்ளக் கூடுமானால் அங்கே இரண்டு பொருளும் பொருந்திவிடும். ஆனால் ஒரு நிபந்தனை: அங்குச் சொன்னது மறுநாள் மேலதிகாரியின் மேசையில் தண்டனைக் காகிதமாகக் கிடக்கக் கூடாது. கேட்பவர் அபயம் அளிக்காத இடத்தில், சொல்பவரிடமிருந்து சாஸ்திர தானத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று. அம்மையார் மௌனமாக இருந்ததில் அவருக்குப் பங்குண்டு என்பதை அவரே மறுக்கவில்லை. அஞ்ச வைத்தவர்களுக்கும் அதில் பங்குண்டு என்றே நாம் கருதுகிறோம். அது பெரிய பங்கு என்றும் கருதுகிறோம்.

மாலையில் அவர் சொல்லச் சொல்ல நாம் ஒரு தாளில் எழுதினோம். வலிப்பு வந்தால் சுற்றியுள்ள பொருள்களை அகற்றவும், ஒருக்களித்துப் படுக்க வைக்கவும், கழுத்துப் பொத்தானைத் தளர்த்தவும், வாயில் எதையும் வைக்க வேண்டாம், கை கால்களை அழுத்திப் பிடிக்க வேண்டாம், சாவி வேண்டாம், கடிகாரத்தைப் பார்க்கவும், பத்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லவும் என்று எழுதிப் படித்துக் காட்டினோம். கடைசி வரியில் அம்மையார் நம்மை நிறுத்தினார். பத்து என்று தாம் சொல்லவில்லை, ஐந்து என்றார். அடித்துத் திருத்தினோம். அத்தெருவிலேயே குடியிருக்கும் பள்ளி ஆசிரியை ஒருவர் அதனை வாங்கிப் படியெடுத்துக்கொண்டு, மூலத்தை அம்மையாரிடமே திருப்பிக் கொடுத்தார்.