பெயரோடு வரும் கடன்

கொல்லங்கோட்டில் ஒரு கல்யாணம் நடந்தால், சாப்பாட்டுக்கு அடுத்தபடியாகப் பேசப்படுவது மாப்பிள்ளை வந்து இறங்கும் வண்டிதான். நெல்லியாம்பதி மலையடிவாரத்தில், வயலையொட்டிப் போகும் ரோட்டில், பூச்சரம் கட்டிய பி.எம்.டபிள்யூ ஒன்று மெல்ல வளைந்து வரும்போது சாயாக்கடையில் உட்கார்ந்திருப்பவர்களும் எழுந்து பார்ப்பார்கள். சொந்த வண்டியா, பாலக்காட்டிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ ஒரு நாள் வாடகைக்கு எடுத்ததா என்று யாரும் விசாரிப்பதில்லை. முகப்பில் இருக்கும் நீலமும் வெள்ளையுமான வட்டமே போதும், வீட்டின் மதிப்பு ஒரு படி ஏறிவிடும்.

இந்த மரியாதையை வாங்கித் தருவது இரும்பும் தோலும் அல்ல, பெயர். நூறு வருஷம் கடந்த பெயர். அந்த நூறு வருஷத்துக்குள்ளே, மனிதர்களை முள்கம்பிக்குள் அடைத்து, கூலி கொடுக்காமல், பலரைச் சாகும்வரை வேலை வாங்கிய வருஷங்களும் இருக்கின்றன. செய்தவர்கள் போய்விட்டார்கள். பட்டவர்களிலும் பெரும்பாலோர் போய்விட்டார்கள். பெயர் இருக்கிறது. பெயரை வைத்திருக்கிறவர்கள் அந்தப் பழைய கணக்குக்குப் பொறுப்பாவார்களா, ஆவார்கள் என்றால் எவ்வளவு தூரம்? இதை ஜெர்மானியர்களின் வீட்டு விவகாரம் என்று ஒதுக்கிவிட முடியாது. கொல்லங்கோடு இருக்கும் அதே சிற்றூர் தாலுகாவில் இதே கேள்வி வேறு ஒரு பெயரில் பதிலில்லாமல் கிடக்கிறது.

முதலில் பி.எம்.டபிள்யூ பிறந்த மியூனிக். 1916இல் தொடங்கிய இந்தத் தொழிற்சாலையின் முதல் பொருள் கார் அல்ல, விமான எஞ்சின். 1923இல் மோட்டார் சைக்கிள் வந்தது. 1928இல் ஐசனாக் ஊரிலிருந்த ஒரு கார் தொழிற்சாலையை வாங்கிய பிறகுதான் கார். அந்த நீல வெள்ளை வட்டம் சுழலும் விமான விசிறி என்று இன்றும் பலர் சொல்வார்கள். உண்மையில் அது பவேரியா மாநிலத்தின் நிறம். விசிறிக் கதை 1929இல் வந்த ஒரு விளம்பரத்திலிருந்து பிறந்தது. விமானம் என்றதும் நினைவுக்கு வருவது அந்த அழகான கதையாகவே இருக்கிறது. விமான எஞ்சினுக்காக உழைத்து மடிந்தவர்கள் அந்தக் கதையில் இல்லை.

மியூனிக்கின் ஓரத்தில் ஆலாக் என்ற இடத்தில் பி.எம்.டபிள்யூவின் விமான எஞ்சின் ஆலை இருந்தது. 1943இல் டாகாவ் வதைமுகாமின் கிளை முகாம் ஒன்று அதற்குப் பக்கத்திலேயே எழுப்பப்பட்டது. பிடித்துக்கொண்டு வரப்பட்ட அயல்நாட்டவர், போர்க் கைதிகள், முகாம் கைதிகள் எனப் பல்லாயிரம் பேர் அந்த நிறுவனத்தின் ஆலைகளில் கட்டாயமாக வேலை செய்தார்கள். இதில் கணக்கு எப்படி நடந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. முகாம் கைதிக்கு நாள் வாடகை உண்டு. தொழில் தெரிந்தவருக்கு 6 ரைக்ஸ்மார்க், மற்றவருக்கு 4 என்ற அளவில் தொழிற்சாலை கொடுத்தது. அந்தப் பணம் முகாமை நடத்திய எஸ்.எஸ். படையிடம் போயிற்று. உழைத்தவர் கைக்கு ஒன்றும் வரவில்லை. நாள் வாடகைக்கு மனிதர்கள்! கல்யாணக் காரை நாள் வாடகைக்கு எடுக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

போருக்குப் பிறகு நிறுவனம் தேய்ந்தது. 1959 டிசம்பரில் போட்டிக் கம்பெனியான டைம்லர்-பென்ஸ் அதை விழுங்க இருந்தது. சிறு பங்குதாரர்களும் கார் விற்பனையாளர்களும் கூட்டத்தில் எதிர்த்து நின்றார்கள். அதன் பின் ஹெர்பர்ட் குவாண்ட் என்ற தொழிலதிபர் தன் பணத்தைப் போட்டுக் காப்பாற்றினார். 1960களின் புதிய கார்கள் வெற்றிபெற்றன. இன்றைய புகழ் அங்கிருந்து எழுந்தது. இன்றும் அந்த நிறுவனத்தின் பாதிக்குச் சற்றே குறைவான பங்கு அவருடைய இரண்டு வாரிசுகளிடம் இருக்கிறது.

காப்பாற்றிய பணம் எங்கிருந்து வந்தது? ஹெர்பர்ட்டின் தந்தை குந்தர் குவாண்ட் 1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவர். அவருடைய ஏ.எஃப்.ஏ. என்ற பாட்டரி நிறுவனம் போர்க்காலத்தில் பெருத்தது. ஹானோவரில் இருந்த அதன் ஆலைக்கென்றே ஒரு வதைமுகாம் கிளை இருந்தது. பாட்டரி என்றால் ஈயம். முகாம் கைதிகள் ஈய நச்சின் நடுவே வேலை செய்து செத்தார்கள். போர் முடிந்ததும் குந்தர் குவாண்ட் கைதாகி 1948 வரை அடைபட்டிருந்தார். கடைசியில் 'கூடப் போனவர்' என்ற இலேசான வகையில் சேர்க்கப்பட்டு விடுபட்டார். ஹானோவர் முகாமில் உயிர் பிழைத்த டென்மார்க்காரர்கள் 1972இல் குடும்பத்திடம் உதவி கேட்டபோது கதவு திறக்கவில்லை. 2007 செப்டம்பர் 30 அன்று ஜெர்மன் தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் வந்த பிறகுதான் குடும்பம் தன் வரலாற்றை ஆராய ஒரு வரலாற்றாசிரியரை நியமித்தது. யோஆகிம் ஷோல்டிசெக் எழுதிய அந்த ஆய்வு 2011இல் வெளியானது. குவாண்ட் நிறுவனங்களும் அந்த ஆட்சியும் எவ்வளவு நெருங்கிப் பிணைந்திருந்தன என்பதை அது மறைக்கவில்லை.

இப்போது அறத்தின் கேள்விக்கு வரலாம். தகப்பன் பட்ட கடன் பிள்ளை தலையில் விழுமா என்பது நம் ஊர்களில் புதிய வழக்கல்ல. பழைய இந்துச் சட்டத்தில் தந்தையின் கடனை அடைப்பது மகனின் அறக்கடமை என்று வைத்திருந்தார்கள். கேரளத்தில் 1975ஆம் வருஷத்துக் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம் அதை நீக்கியது. நீக்கியது சரிதான்; பிறப்பினால் ஒருவன் கடன்காரனாகக் கூடாது. ஆனால் சட்டம் ஒன்றை விட்டுவைத்திருக்கிறது: எவ்வளவு சொத்து கைக்கு வந்ததோ அவ்வளவுக்குக் கடனும் வரும். தென்னந்தோப்பை எடுத்துக்கொண்டு அதன்மேல் இருக்கும் அடமானத்தை மட்டும் 'அப்பாவோடு போயிற்று' என்று சொல்ல முடியாது.

பெயரும் சொத்துதான். ஒரு ஜவுளிக்கடை கைமாறும்போதும், ஒரு பங்காளி விலகும்போதும் 'நற்பெயர்' என்று ஒரு தொகை போடுவார்கள். பள்ளிக்கூடக் கணக்குப்பதிவியலிலேயே அது பாடம். நூறாண்டுப் பெருமையை விளம்பரத்தில் சொல்லி விற்கிற நிறுவனம் அந்தச் சொத்தை அனுபவிக்கிறது. நூறு வருஷமும் என்னுடையது, அதில் நடுவே சில வருஷம் மட்டும் வேறு யாருடையதோ என்று சொல்ல அதற்கு உரிமை இல்லை.

பழைய சட்டம் ஒரு விலக்கும் கொடுத்திருந்தது. சூதாட்டத்திலும் தீயொழுக்கத்திலும் தந்தை பட்ட கடனை மகன் அடைக்க வேண்டியதில்லை. கட்டாய உழைப்பும் தீயொழுக்கம்தானே, வாரிசு ஏன் சுமக்க வேண்டும் என்று யாரேனும் வாதாடலாம். இந்த வாதம் நிற்காது. சூதில் பணம் வீட்டைவிட்டு வெளியே போனது. இங்கே கொடுக்காத கூலி வீட்டுக்குள்ளேயே தங்கியது. எந்திரமாக, கட்டடமாக, அடுத்த முதலீடாக மாறியது.

இன்னொரு வாதம், அந்தக் காலத்தில் எல்லாரும் செய்தார்கள் என்பது. உண்மை. டைம்லர்-பென்ஸ் செய்தது, ஆடியின் முன்னோடியான ஆட்டோ யூனியன் செய்தது, வோக்ஸ்வாகன் செய்தது. ஆட்சியின் நெருக்குதல் இருந்ததும் உண்மை. ஆனால் நெருக்கப்பட்டவன் இலாபத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு எடை உண்டு. எல்லாரும் செய்தார்கள் என்பது கடன்காரர்களின் பட்டியலை நீட்டுகிறது, கடனைக் குறைப்பதில்லை.

ஜெர்மனி ஒரு வழி கண்டது. 2000ஆம் வருஷம் சட்டம் இயற்றி, 'நினைவு, பொறுப்பு, எதிர்காலம்' என்ற அறக்கட்டளையை நிறுவினார்கள். அரசு பாதி, ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தொழில் நிறுவனங்கள் பாதி என்று சுமார் 1,000 கோடி மார்க் சேர்ந்தது. பி.எம்.டபிள்யூவும் அதைத் தொடங்கியவர்களில் ஒன்று. 2007 வரை ஏறத்தாழ 16.6 லட்சம் பேருக்குப் பணம் போயிற்று. முகாம் கைதியாக உழைத்தவருக்கு அதிகபட்சம் 15,000 மார்க். போர்க் கைதிகளைப் பொதுவாக விலக்கி வைத்தார்கள். ஐம்பத்தைந்து வருஷம் காத்திருந்து இவ்வளவுதான். மனம் திருந்தி மட்டும் கொடுத்ததும் இல்லை. அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்குகள் குவிந்தன, அவற்றை முடிக்க வேண்டியிருந்தது.

அப்படிக் கொடுத்த பணத்துக்கு அறமதிப்பு உண்டா? உக்ரைனிலோ போலந்திலோ தள்ளாத வயதில் அதை வாங்கிய மூதாட்டிக்கு அது மருந்து, கூரை, தன் வாழ்வு பொய்யல்ல என்று எழுத்தில் வந்த ஒப்புதல். அவரிடம் போய், கொடுத்தவனின் உள்நோக்கத்தைப் பார் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. கொடுத்தவன் மட்டும் அதைத் தன் பெருந்தன்மை என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. நெருக்கியபின் அடைத்த கடன், அடைத்த கடன்தான். அதற்கு ரசீது உண்டு, பாராட்டு இல்லை. 2016இல் நூற்றாண்டு விழா நாளன்று பி.எம்.டபிள்யூ நிறுவனம் கட்டாய உழைப்புக்குத் தன் ஆழ்ந்த வருத்தத்தைப் பகிரங்கமாகச் சொன்னது. கொண்டாட்ட நாளில் அதைச் சொன்னது பெரிது.

அப்படியானால் சாதாரண மனிதர்களுக்கு என்ன பங்கு? 2007 மார்ச் 29இல் செங்கல்பட்டுப் பக்கம் மகிந்திரா வேர்ல்ட் சிட்டியில் இந்த நிறுவனத்தின் ஆலை திறந்தது. அங்கே ஷிப்டுக்குப் போகிற இளைஞருக்கு ஆலாக்கில் நடந்ததில் எள்ளளவும் குற்றமில்லை. கார் வாங்குகிறவருக்கும் இல்லை. ஆனால் பெயரின் பளபளப்பை வாங்கித் தன் வீட்டு வாசலில் நிறுத்துகிறவர், அந்தப் பெயரின் வரலாற்றை யாராவது சொன்னால் காதைப் பொத்திக்கொள்ளக் கூடாது. அவர் தர வேண்டியது அவ்வளவே. அதுவும் பலருக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மியூனிக்கை நியாயம் விசாரிப்பது எளிது. பிளாச்சிமடை பக்கத்தில், இதே சிற்றூர் தாலுகாவில் இருக்கிறது, அதனால் கடினம். அந்த ஊர் அடங்கிய பெருமாட்டி பஞ்சாயத்தில் கோக்க கோலா ஆலை 2000இல் உற்பத்தி தொடங்கியது. கிணற்று நீர் கெட்டது, வற்றியது என்று அங்குள்ள பழங்குடிகள் 2002 ஏப்ரலில் போராட்டப் பந்தல் போட்டார்கள். எரவாளர் குலத்தைச் சேர்ந்த மயிலம்மா அதை முன்னின்று நடத்தினார். ஆலைக் கழிவை உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கழிவில் காட்மியமும் ஈயமும் இருப்பதைச் சோதனைகள் காட்டின. ஹானோவரின் ஈயம்தான், ஊர் வேறு. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. கம்பெனி குற்றச்சாட்டுகளை ஏற்கவில்லை. கேரள அரசு அமைத்த உயர்நிலைக் குழு 2010இல் இழப்பை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது.

வதைமுகாமையும் குளிர்பான ஆலையையும் ஒரே தராசில் வைப்பது பிழை. கொடுமையின் அளவே வேறு. கடன் எப்படி வருகிறது என்பது மட்டும் ஒன்று. உலகம் முழுக்கத் தெரிந்த ஒரு பெயர், அந்தப் பெயரால் வரும் வருமானம், அந்த வருமானத்தின் அடியில் யாரோ இழந்த ஒன்று. ஜெர்மனி அரை நூற்றாண்டு தாமதித்தபோது கேட்க வேண்டியவர்களில் பெரும்பாலோர் செத்துப்போனார்கள். மயிலம்மா 2007 ஜனவரியில் காலமானார், ஜெர்மன் அறக்கட்டளை தன் பட்டுவாடாவை முடித்த அதே வருஷம்.

2011 பிப்ரவரி 24இல் கேரள சட்டமன்றம், பிளாச்சிமடை மக்களுக்கு இழப்பீடு பெற்றுத்தரத் தீர்ப்பாயம் அமைக்கும் மசோதாவை ஒருமனதாக நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் இல்லாமல் அது திரும்பி வந்தது. சிற்றூர் தாலுகாவில் ஓட்டுக் கேட்டு வீட்டு வாசலுக்கு வருகிறவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும், எந்த வண்டியில் வந்து இறங்கினாலும், அந்த மசோதா என்ன ஆயிற்று என்று அவரிடம் கேளுங்கள்.