பாவம் எந்த நாழிகையில் ஏறுகிறது?

தென்னம்பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர்; தடவாவிட்டால் கள். மரமும் பாளையும் சாறும் ஒன்றே. கள்ளும் ஒரே நிலையில் நிற்பதில்லை. இறக்கியதும் இனிக்கும், சில மணி நேரத்தில் நுரைத்து, நூற்றுக்கு நான்கைந்து பங்கு ஆல்கஹால் ஏறும், விட்டுவைத்தால் புளித்துக் காடியாகிவிடும். இதில் எந்த நாழிகையில் பாவம் உள்ளே புகுந்தது? குடி பாவம் என்று ஒரே சொல்லில் முடிப்பவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். என்னைக் கேட்டால், பாவம் பானத்தில் இல்லை, தன்னை மறப்பதில் இருக்கிறது. அப்படியென்றால் கடுப்பின் அளவும் அறக்கணக்கில் வந்தாக வேண்டும்.

பழந்தமிழர் இந்தக் கணக்கை அறியாதவர்கள் அல்லர். பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கள் ஆக்கும் முறையே இருக்கிறது: கொழியல் அரிசிக் கூழை அகன்ற வாய்த் தட்டில் ஆறவிட்டு, இடித்த நெல்முளையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் கழித்து, சாடியில் முதிர்ந்ததும் வடித்தெடுத்தார்கள். முளைத் தானியத்தால் ஆனதால், நெல் நாட்டு பீர் என்றே அதைச் சொல்லலாம். நாள்பட்ட தேறலோ வேறு ரகம். அதன் கடுப்பைத் தேள் கொட்டுக்கு ஒப்பிட்டார்கள் புலவர்கள். ஸ்காட்லாந்தில் 19ஆம் நூற்றாண்டில் பீப்பாய் விலையையே பீருக்குப் பெயராக்கி 60 ஷில்லிங், 70 ஷில்லிங், 80 ஷில்லிங் என்றார்கள். விலை ஏற ஏறக் கடுப்பும் ஏறும். அங்கே ஷில்லிங் அளந்ததை இங்கே தேள் அளந்தது.

வள்ளுவர் இருக்கிறாரே என்பார்கள். உண்மைதான், கள்ளுண்பவர் எப்போதும் நஞ்சுண்பவரே என்கிறார், அளவுக்குச் சலுகை தரவில்லை. ஆனால் புலால் மறுத்தலை அறத்துப்பாலில் வைத்தவர், கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவே வைத்தார். அந்தப் பத்துக் குறளிலும் அவர் அடுக்குவது மானக்கேடு, பெற்றவள் முகம் பார்க்க முடியாமை, மெய்மறதி போன்ற விளைவுகளை. பௌத்தத்தின் ஐந்தாம் சீலமும் மதுவை விலக்கும்போது அது கவனத்தைக் கெடுக்கிறது என்பதையே காரணமாகச் சொல்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துக் கதையான மணிமேகலை இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆதிரையின் கணவன் சாதுவன், கப்பல் உடைந்து நாகர் மலையில் ஒதுங்கி, கள்ளும் கொலையும் அறிவுடையோர் விலக்கியவை என்று அவர்கள் தலைவனுக்கு உபதேசிக்கிறான். அவற்றை விட்டால் நாங்கள் உயிர் வாழ முடியாது, எங்களால் முடிந்த அறத்தைச் சொல் என்கிறான் தலைவன். சாதுவன் கோபப்படவில்லை. கலம் உடைந்து வருபவரைக் கொல்லாதே, மூத்துச் சாகும் விலங்கைத் தவிர வேறெந்த உயிருக்கும் தீங்கு செய்யாதே என்கிறான். கள்ளைப் பற்றி மறுபடி வாய் திறக்கவேயில்லை. கள் நல்லது என்று அவன் ஒப்பவில்லை. அறத்துக்குப் படிகள் உண்டு என்று ஒப்புகிறான். துறவியின் விதியையே உழவனுக்கும் வைக்கிற மதவாதிகள் இந்தக் காதையை ஏனோ தாண்டிப் போகிறார்கள்.

கலயத்தில் தொடங்கியவன் பாட்டிலில் முடிவான் என்ற ஆட்சேபம் வலுவானது. குடியால் அழிந்த வீடுகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. கள்ளிலும் கலப்படம் நடந்தது. ஆனால் இந்த வாதம் படியேற்றத்தைத் தடுக்கச் சொல்கிறதே தவிர, கீழ்ப்படியை இடித்துவிட்டு மேல்படியில் கடை போடச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் நடந்தது அதுதான். கள்ளுக்கடை 1987இல் மூடப்பட்டது; 2003இல் சில்லறை மது விற்பனை முழுதும் அரசு நிறுவனமான டாஸ்மாக் கைக்கு வந்தது. 42.8 சதவீத பிராந்தி 180 மில்லி குவார்ட்டரில் இருக்கும் ஆல்கஹால், ஐந்து சதவீதக் கள் ஒன்றரை லிட்டருக்குச் சமம். இதே காவிரி டெல்டாவில், புதுச்சேரி ஆட்சிக்குட்பட்ட காரைக்காலில் கள்ளுக்கடை உண்டு. எல்லைக்கு இப்பால் அது குற்றம். முனீஸ்வரனுக்கும் வீரனுக்கும் சுருட்டோடு படையலில் வைக்கும் பாட்டிலும் இன்று கடைச் சரக்குதான். சாமிக்கே கடுப்பைக் கூட்டிவிட்டோம்.

மதுவே வேண்டாம் என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அறத்தின் பேரால் தடை கேட்பவர்கள் 42.8இல் தொடங்கட்டும், கலயத்தின் முறை கடைசியில் வரட்டும்.