அடைக்கலமும் அளவுகோலும்

மும்பை தாதரில் 1920-களில் மஞ்சர்ஜி ஜோஷி என்பவரின் முயற்சியால் பார்சி குடியிருப்பு உருவாயிற்று. பார்சிகளின் முன்னோர் தம் சமயத்தைக் காத்துக்கொள்ளப் பாரசீகத்தை விட்டுக் கடல்வழியே குஜராத்தின் சஞ்சானை அடைந்தவர்கள். அங்கிருந்த மன்னர் அவர்களது சமயத்தைப் பற்றி வினவினார். மொழி, உடை, ஆயுதம் குறித்துச் சில நிபந்தனைகளும் விதித்தார். ஆயினும் வழிபாட்டைக் கைவிடும்படி கேட்கவில்லை என்பது அம்மக்களின் மரபுச் செய்தி. 1893-இல் சிகாகோவில் சுவாமி விவேகானந்தர் பாரதத்தின் பெருமையாக எடுத்துரைத்தவற்றுள் இந்த அடைக்கலமும் ஒன்று.

அடைக்கலம் அளிப்பது அறம் என்பதில் ஐயமில்லை. ஆனால் வருபவரை ஆராயாமல் ஏற்பதா, ஆராய்ந்து ஏற்பதா? விபீஷணன் சரண் புகுந்தபோது எழுந்த கேள்வியும் இதுவே. சுக்ரீவன் ஐயுற்றான். வேறு சிலர் சோதிக்க வேண்டும் என்றனர். அனுமனோ, வந்தவனின் முகத்திலும் சொல்லிலும் வஞ்சகம் இல்லை என்றான். இராமபிரான் அனைவர் கருத்தையும் கேட்டார். எனினும் அவர் அபயம் அளித்தது, சரண் என்று வந்தவனைக் கைவிடலாகாது என்ற விரதத்தினால்.

ஆராய்தல், காத்தல் என்னும் இவ்விரண்டு கடமைகளும் 1951-ஆம் ஆண்டின் சர்வதேச அகதிகள் உடன்படிக்கையிலும் உள்ளன. இனம், சமயம், நாட்டுரிமை, குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சார்ந்திருத்தல், அரசியல் கருத்து ஆகியவற்றுள் ஒன்றின் பொருட்டுத் துன்புறுத்தப்படுவோம் என்ற, தக்க காரணமுள்ள அச்சமே அதன் அளவுகோல். அச்சம் உள்ளத்தில் இருப்பது. அதற்கான காரணத்தை வெளியுலகில் காட்ட வேண்டும். உயிர் தப்பி ஓடுபவன் ஆவணங்களைத் திரட்டிக்கொண்டா வருவான்? ஆதலால், இயன்ற சான்றுகளைத் தந்து நம்பத்தக்கவாறு பேசுபவருக்குச் சந்தேகத்தின் பலனை அளிக்குமாறு ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் கையேடு கூறுகிறது.

இந்தியா இவ்வுடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இயற்றவில்லை. 1983 முதல் தமிழகம் வந்த இலங்கைத் தமிழர் அரசாணைகளின் வழியே முகாம்களில் புகலிடம் பெற்றனர். 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளிலிருந்து வந்தோரையே குறிப்பிடுகிறது. அவற்றுள் இலங்கை இல்லை. எனினும், குடிமகன் அல்லாதவரின் உயிரையும் அரசு காக்க வேண்டும் என 1996-இல் சக்மா மக்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆள்பவரின் கருணையை மட்டும் நம்பி வாழும் அகதி, அது மாறும் நாளை எண்ணி அஞ்சியே வாழ்வான். ஆகவே அளவுகோல் தேவை. வந்தவர் யாரைச் சேர்ந்தவர் என்று பார்க்கும் முன், திருப்பி அனுப்பினால் அவருக்கு என்ன நேரும் என்று கேட்பதே அந்த அளவுகோலின் முதல் கடமை. அவ்வாறு கேட்டு ஆராய்வதும் அறமேயாகும்.